முதுகு வலியும் தாம்பத்தியமும்

முதுகு வலி என்று ஒருவர் சொல்லி வாய் மூடுவதற்குள், வெறுந்தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லும் யோசனை நம் ஊரில் நாலா பக்கத்திலிருந்தும் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வார். அலுவலகத்து நண்பர் சொல்வார். சில வேளைகளில் வைத்தியரே சொல்வார். வலியால் களைத்திருக்கும் அந்த மனிதரும், மெத்தைதான் தமக்குச் சத்துரு என்று நம்பி, அன்றிரவே கட்டிலை விட்டு இறங்கிவிடுகிறார். மனைவியும் குழந்தையும் கட்டிலில். அவர் கூடத்தில் பாயில். ஒரு வாரத்துக்கு என்று தொடங்கிய அந்த ஏற்பாடு, வலி நீங்காத காரணத்தால் மாதங்களாக நீண்டு, பிறகு யாரும் தீர்மானிக்காமலேயே வீட்டின் நிரந்தர வழக்கமாகிவிடுகிறது. சண்டையோ சச்சரவோ இன்றி, ஒருவர்மீது ஒருவருக்கு வெறுப்பும் இன்றி, ஒரு முதுகு வலியை மட்டும் முன்னிட்டுப் படுக்கையைப் பிரித்துக்கொண்டு, அந்தப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவரும் கணவன் மனைவியர் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், இந்த உபாதையை எலும்போடும் நரம்போடும் முடிந்துபோகிற விஷயமாகக் கருதி வருவது எவ்வளவு பெரிய தவறு என்பது புலப்படும்.

இவ்வளவுக்கும் அந்த யோசனைக்கு உள்ள ஆதாரம் பலமானதன்று. நாள்பட்ட இடுப்பு வலியால் வருந்திய 313 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினருக்கு நன்கு கெட்டியான மெத்தையையும் எஞ்சியவர்களுக்கு நடுத்தரக் கெட்டியுள்ள மெத்தையையும் கொடுத்து, மூன்று மாத காலம் கவனித்த ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர்கள், நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே கூடுதலாக நலம் பெற்றார்கள் என்று 2003-இல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பதே பரிகாரம் என்ற பழைய நம்பிக்கையும் அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது. புதிதாக வலி கண்டவர்களில், ஏழு நாள் படுத்தவர்களைவிட இரண்டே நாள் படுத்தவர்கள் எவ்விதத்திலும் பின்தங்கிவிடவில்லை என்பதை 1986-இல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சியும், படுக்காமல் இயன்ற மட்டும் அன்றாடக் காரியங்களைச் செய்துவந்தவர்களே விரைவில் தேறினார்கள் என்பதை 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடந்த ஆராய்ச்சியும் காட்டின. இந்த முடிவுகள் வெளிவந்து ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. நம் வீடுகளுக்குள் அவை இன்னும் வந்து சேரவில்லை.

இது ஒரு சிலரைப் பற்றிய பேச்சும் அன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் இடுப்பு வலியோடு வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 62 கோடிப் பேர் என்றும், 2050-க்குள் அந்தத் தொகை 84 கோடியை எட்டிவிடும் என்றும் உலக நோய்ச்சுமைக் கணக்கு மதிப்பிடுகிறது. மனிதர்களைச் செயலிழக்கச் செய்து முடக்கிவைக்கும் காரணங்களில் முதலிடம் இதற்கே. காஞ்சிபுரத்தில் குழித்தறியில் நாளெல்லாம் குனிந்திருக்கும் நெசவாளி, தஞ்சை வயலில் நடவு நடும் பெண், ஜவுளிக்கடையில் காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் இளம்பெண், கணினியின் முன் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பட்டதாரி ஆகிய இவர்கள் எல்லோரையும் இந்த வலி ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார ஆசனம் தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டமே திருத்த நேர்ந்தது. வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் அதை நாள்பட்டது என்கிறார்கள். அப்படித் தாண்டியவர்களில் 100-க்கு 90 பேருக்கு, இன்ன எலும்பில் இன்ன கோளாறு என்று விரல் வைத்துக் காட்டும்படியான காரணம் எதுவும் அகப்படுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

காரணம் அகப்படாதபோது, நோயாளியின் கையில் அகப்படுவது ஸ்கேன் அறிக்கை. நாமக்கல் பக்கத்தில் லாரி ஓட்டுகிற ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். வயது நாற்பதுக்கு உள்ளே. எஞ்சினின் அதிர்வு ஓயாமல் முதுகெலும்பில் ஏறிக்கொண்டிருக்கும் வேலை. இரவும் பகலும் மாறிக் கிடக்கும் தூக்கம். வலி பொறுக்காமல் எம்.ஆர்.ஐ. எடுத்தார். 'எல்4 – எல்5 டிஸ்க் பல்ஜ், தேய்மானம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். 'ஜவ்வு விலகிடுச்சு, இனிமே பாத்து இருந்துக்கங்க' என்று ஒருவர் விளக்கமும் சொன்னார். அன்று முதல் தம் முதுகைப் பற்றி அவருக்கிருந்த எண்ணமே மாறிப்போயிற்று. எந்த நிமிஷத்திலும் முறிந்துவிடக்கூடிய ஒரு வஸ்துவாக அவர் அதைச் சுமக்கத் தொடங்கினார். முதுகு வலியே இல்லாத 98 பேரை அதே விதமாகப் படமெடுத்துப் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்ததென்றும், 100-க்கு 36 பேருக்கு மட்டுமே எல்லா டிஸ்க்குகளும் பழுதின்றி இருந்தனவென்றும் 1994-இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்ட செய்தியை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தலை நரைப்பதைப் போல் வயதோடு வருகிற ஒரு மாற்றத்தைப் பெரும் சேதமாகக் கேள்விப்பட்ட மனிதர், குனிவதற்கு அஞ்சுகிறார். குழந்தையைத் தூக்க அஞ்சுகிறார். பெல்ட் கட்டாமல் வாசல்படி தாண்ட அஞ்சுகிறார். வெளியில் சொல்லாவிட்டாலும் மனைவியின் அருகில் போகவும் அஞ்சுகிறார்.

அச்சம் வலியை வளர்க்கிறது என்பது வெறும் தத்துவப் பேச்சு அன்று. மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் 1965-இல் வெளியிட்ட ஒரு கொள்கை, வலியைப் பற்றிய வைத்திய சாஸ்திரத்தின் நோக்கையே மாற்றியது. அடிபட்ட இடத்திலிருந்து புறப்படும் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை, தண்டுவடத்தில் வாயில் போன்ற ஓர் அமைப்பு அதைக் கூட்டியோ குறைத்தோ அனுப்புகிறது, அந்த வாயிலைத் திறப்பதிலும் அடைப்பதிலும் மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளுக்கும் பங்கு உண்டு என்பது அதன் சாரம். அவர்கள் வரைந்து காட்டிய அமைப்பின் நுணுக்கங்கள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டபோதிலும், மனத்தின் கலக்கமும் கவனமும் வலியின் அளவை மாற்ற வல்லவை என்ற மூலக் கருத்து நிலைத்துவிட்டது. வலியை அடக்குவதற்காக மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதைகளில் வேலை செய்யும் செரட்டோனின், நார் அட்ரினலின் என்ற ரசாயனங்களே நம் மனோநிலையையும் தாங்கி நிற்பவை. ஆகையால்தான் மனச்சோர்வுக்கென்று கண்டுபிடித்த மாத்திரைகளில் சில முதுகு வலிக்கும் பயன்படுகின்றன. வைத்தியர் அதை எழுதிக் கொடுத்தால், 'எனக்கென்ன பைத்தியமா?' என்று கேட்டுச் சீட்டைக் கிழிக்கிறவர்கள் உண்டு. பாவம், அவர்களிடம் கோபித்துப் பயனில்லை. அந்தச் சீட்டை நீட்டும்போது, 'உம் வலி கற்பனை அன்று, மெய். ஆனால் வலியும் மனமும் ஒரே பாதையில் நடமாடுகின்றன' என்று இரண்டு நிமிஷம் விளக்குவதற்கு ஆளில்லாததுதான் குறை.

வலி மனத்தை எப்படி அரிக்கிறது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். முதலில் போவது நித்திரை. புரண்டு படுக்கும் ஒவ்வொரு தடவையும் விழிப்பு வருகிறது. விடியும்போது உடம்பு விறைத்துக் கிடக்கிறது. தூக்கம் கெட்ட உடம்புக்கு மறுநாள் வலி கூடுதலாக உறைக்கிறது. கூடிய வலி அடுத்த இரவின் தூக்கத்தையும் பறிக்கிறது. இந்தச் சக்கரத்தில் சில மாதம் சுழன்ற மனிதரிடம் பழைய சாந்தத்தை எதிர்பார்க்க முடியுமா? தட்டில் சோறு ஆறிவிட்டதென்று எரிந்து விழுகிறார். குழந்தை முதுகில் ஏறி விளையாட வந்தால் தள்ளிவிடுகிறார். தள்ளிவிட்ட மறுகணமே மனம் நொந்து, அதை எப்படிச் சமாதானம் செய்வதென்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கல்யாணத்துக்குப் போனால் உட்கார முடியாது. ஊருக்குப் போனால் பஸ்ஸில் நிற்க முடியாது. எனவே எங்கும் போவதில்லை. சம்பாத்தியம் குறைகிறது. முன்பு ரசித்த பாட்டு ரசிக்கவில்லை. இந்நிலையை வைத்தியர்கள் மனச்சோர்வு நோய் என்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களோ, குணம் கெட்டுவிட்டது என்கிறார்கள்.

அதோடு முதுகு வலிக்கு வெளியடையாளம் எதுவுமில்லை. கை முறிந்தவனுக்குக் கட்டுப் போட்டிருக்கும். காய்ச்சல்காரன் உடம்பு தொட்டால் சுடும். முதுகு வலிக்காரர் பார்வைக்குத் திடமாகத்தான் இருப்பார். காலையில் நிமிர முடியாதவர் மாலையில் கடைத்தெருவில் நடப்பதைக் கண்டவர்கள், 'வேலைன்னா மட்டும் வலி வந்துடுது' என்று பேசத்தான் செய்வார்கள். பெண்ணாக இருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் கொடுமையாக வந்து விழுகிறது. 'நாங்கல்லாம் பெத்துப் போடலையா, எங்களுக்கெல்லாம் இடுப்பு இல்லையா?' என்ற ஒரே கேள்வியில், மருமகளின் வலி மாமியார் வாயால் தள்ளுபடியாகிவிடுகிறது. தம் வலியைப் பிறர் நம்பவில்லை என்ற ஏக்கம், வலியைவிட மனத்தை அதிகமாக வாட்டுகிறது என்றே எனக்குப் படுகிறது.

இனி, பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். தாம்பத்திய சுகம் என்பதை நம் பத்திரிகைகள் ஒன்று கொச்சையாக எழுதும் அல்லது எழுதாமலே விட்டுவிடும். ஆனால் நாள்பட்ட முதுகு வலியுள்ள கணவனும் மனைவியும் இழப்பனவற்றுள் அது முதன்மையானது. இந்த இழப்பு ஒரே நாளில் நேர்வதன்று. ஒரு முறை, சேர்க்கையின் நடுவில் சுருக்கென்று ஒரு வலி பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை, அந்த நினைவே முன்வந்து நின்று உடம்பை இறுக்குகிறது. இறுகிய தசை உண்மையிலேயே வலிக்கிறது. வலிக்கும் என்று அஞ்சி விலகுவதும், விலகியதால் உடம்பு பழக்கமிழப்பதும், பழக்கமிழந்த உடம்பு எளிதில் வலிப்பதும், அதனால் அச்சம் உறுதிப்படுவதுமான இந்தச் சுழற்சியை வலி ஆராய்ச்சியாளர்கள் நடைக்கும் வேலைக்கும் பொருத்தி விரிவாக எழுதியிருக்கிறார்கள். படுக்கையறைக்கும் அது அப்படியே பொருந்தும். இதற்கிடையில் மனைவியின் மனத்தில் என்ன ஓடுகிறது? அவர் விலகுவது வலியாலா, தன்மேல் சலிப்பாலா என்பது அவளுக்குத் தெரியாது. கேட்க லஜ்ஜை. அவருக்கோ, 'முடியவில்லை' என்று சொல்வது தம் ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணம். எனவே அவர் தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறார். அவளும் தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறாள். இருவரும் ஒருவர் நன்மையை ஒருவர் கருதியே மௌனம் காக்கிறார்கள் என்பதுதான் இதில் உள்ள பெரிய பரிதாபம்.

மேலே சொன்ன லாரி ஓட்டுநரின் வீட்டில் ஓர் இரவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டு வந்த மனைவி, தைலத்தைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் இளஞ்சூடாகக் காய்ச்சி எடுத்துவருகிறாள். அவர் குப்புறப் படுக்கிறார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, விலாவிலிருந்து இடுப்பு வரை இரு கட்டை விரல்களாலும் நீவிவிடுகிறாள். பிறகு நொச்சித் தழையைத் துணியில் முடிந்து தோசைக்கல்லில் சூடு காட்டி ஒத்தடம் கொடுக்கிறாள். அறை முழுவதும் தைல வாசனை. 'இங்கயா?' என்கிறாள் அவள். 'இன்னும் கொஞ்சம் கீழ' என்கிறார் அவர். அரைமணி நேரத்துக்குப் பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்து போகிறாள். கணவன் மனைவி இருவருக்கும் நடுவே அன்றைய தினத்தில் நேர்ந்த ஸ்பரிசம் அவ்வளவுதான். அந்த உபசாரத்தில் அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆயினும் தொடுதல் என்பது முழுக்க முழுக்க வைத்தியமாகவே மாறிவிட்ட இடத்தில், அவள் தாதியாகிறாள், அவர் நோயாளியாகிறார். தாதியும் நோயாளியும் மறுபடி கணவன் மனைவியாவது சுலபமாக நடப்பதில்லை. வலிக்குப் புறம்பாக, வேறு எந்த நோக்கமும் இல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசிக்கொண்டிருப்பதையும், அணைத்துக்கொண்டு படுத்திருப்பதையும் முதலில் மீட்டுக்கொள்ளுங்கள், சேர்க்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாம்பத்திய ஆலோசகர்கள் சொல்வது இதனால்தான். துணைவரின் வலி முனகலுக்கெல்லாம் ஓடி ஓடி எல்லாக் காரியத்தையும் தாமே செய்து முடிப்பது அவரை மேலும் முடக்கிவிடக்கூடும் என்பதையும், 1970-களிலேயே அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

பெண்ணுக்கு வலி என்றால் கதையே வேறு. அவளுக்குத் தைலம் காய்ச்சிக் கொடுப்பவர் யார்? பள்ளிவிட்டு வந்த மகள் கொஞ்ச நேரம் மிதித்துவிடுவாள், அத்தோடு சரி. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சையால் நேர்ந்தவை. 'முதுகுத் தண்டுல ஊசி போட்டாங்க, அதுல இருந்துதான் இந்த வலி' என்று சொல்லாத தாய்மாரைக் காண்பது அரிது. ஊசி குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கக்கூடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் என்பதை ஆராய்ச்சிகள் மெய்ப்பிக்கவில்லை. கர்ப்ப காலத்தில் தளர்ந்த மூட்டுகளும், வலுவிழந்த வயிற்றுத் தசைகளும், குழந்தையைத் தூக்கியபடி கழியும் இரவுகளும், குனிந்தே பாலூட்டும் பழக்கமும்தாம் பெரும்பாலும் காரணம். இவற்றுக்கெல்லாம் பயிற்சியால் பரிகாரம் உண்டு. ஊசியே காரணம் என்று நம்பிவிட்டவளோ, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று இருந்துவிடுகிறாள். அத்துடன், தன் வலியைச் சொல்லி விலகும் உரிமை தனக்கு உண்டு என்பதை நம் பெண்களில் பலர் அறியவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இணங்குகிறார்கள். வலியோடு இணங்கிய ஒவ்வொரு முறையும், சேர்க்கை என்றாலே வலி என்ற பாடத்தை அந்த உடம்பு இன்னும் ஆழமாகக் கற்றுக்கொள்கிறது. மனைவிக்கு வலிக்கிறதா என்று கேட்டு அறிவதும், வலிக்கிறது என்றால் நிறுத்துவதும் கணவன் காட்டும் தயவு அன்று, அவன் கடமை என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மருந்துகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வலிக்காகவும் மனச்சோர்வுக்காகவும் தரப்படும் சில மாத்திரைகளே தாம்பத்திய இச்சையைக் குறைக்கவும் கூடும். மனச்சோர்வு மாத்திரைகளில் பல இச்சையை மந்தமாக்குவதும் உச்சநிலையைத் தாமதப்படுத்துவதும் உண்டு. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் சிலருக்கு அவ்வாறு செய்கிறது. டிரமடால் முதலிய அபின் இன மருந்துகளை நீண்டகாலம் உட்கொண்டால், ஆண்மைக்கும் பெண்மைக்கும் ஆதாரமான சுரப்புகளே குன்றக்கூடும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு அந்த இன மருந்துகளே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியிருப்பதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. இந்த விளைவை முன்கூட்டிச் சொல்லாத காரணத்தால், வலியே தம்மை இப்படிச் செய்துவிட்டது என்று சிலர் மனமுடைகிறார்கள்; வேறு சிலர் ஒருவரிடமும் சொல்லாமல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டு, தலைசுற்றலும் தூக்கமின்மையும் படபடப்புமாக அவதிப்படுகிறார்கள். அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் வைத்தியரால் ஆகக்கூடியவை. ஆனால் நோயாளி வாய் திறந்தால்தானே?

படுக்கை நிலைகளைப் பற்றி விஞ்ஞானம் ஆராய்ந்திருக்கிறதா என்று கேட்டால், ஆம், ஆராய்ந்திருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற ஸ்டூவர்ட் மெக்கிலும் அவருடைய மாணவி நடாலி சிடோர்க்கெவிச்சும், 10 தம்பதியரின் முதுகெலும்பு அசைவுகளைக் கருவிகளால் அளந்து, 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பக்கவாட்டில் ஒருவர் பின் ஒருவராகப் படுத்துச் சேர்வதே முதுகு வலியுள்ள அனைவருக்கும் உகந்தது என்று வைத்தியர்கள் அதுவரை பொதுவாகச் சொல்லி வந்தது எல்லோருக்கும் பொருந்தாது என்பது அதனால் தெரிந்தது. முன்னே குனிந்தாலும் நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலி கூடுகிற ஆண்களுக்கு அந்த நிலையே அதிகத் தொந்தரவு தரக்கூடும்; பின்னே வளைந்தால் வலிக்கிறவர்களுக்கு அது இதமாக இருக்கக்கூடும். இடுப்பை வளைத்து அசைவதைவிடத் தொடை மூட்டிலிருந்து அசைவது நல்லது என்பதையும் அவர்கள் கூறினார்கள். ஆகவே, எந்த அசைவில் தமக்கு வலி கூடுகிறது, எதில் தணிகிறது என்பதை அறிந்துகொண்ட தம்பதியர், முழங்காலுக்கு அடியிலோ இடுப்புக்கு அடியிலோ ஒரு சிறு தலையணையை வைத்துப் பார்த்தும், அதிகம் வலிக்கிறவர் அசையாமல் இருக்க மற்றவர் அசைந்தும், வெந்நீரில் குளித்துத் தசை தளர்ந்திருக்கும் வேளையைத் தேர்ந்துகொண்டும், தமக்கு ஏற்றதைத் தாமே கண்டுகொள்ளலாம். இதற்குத் தேவையானது ஒருவரோடொருவர் பேசுவதுதான். 'இப்படி வேண்டாம், வலிக்கிறது. இப்படி இருந்தால் சரி' என்ற சொற்கள் பல ஆண்டு மௌனத்துக்குப் பின் வாயிலிருந்து வருவது கடினம் என்பதை உணர்ந்தே சொல்கிறேன்.

எந்த வலியையும் இப்படிப் பயிற்சியாலும் பேச்சாலும் தீர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடவும் கூடாது. வலியோடு இரு கால்களும் பலவீனமாதல், மலஜலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், கட்டுப்பாடின்றிக் கழிதல், அந்தரங்க உறுப்புகளில் திடீரென்று உணர்ச்சியறுதல் ஆகியவை நேர்ந்தால், அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் அந்த நரம்புகள் மீளாமலே போய்விடலாம். காய்ச்சல், காரணமின்றி உடம்பு இளைத்தல், ஓய்வெடுத்தாலும் அடங்காத இரவு வலி ஆகியவை முதுகெலும்புக் காசநோய்க்கோ கட்டிக்கோ அறிகுறியாக இருக்கக்கூடும்.

இவ்வளவு விஷயங்கள் தெரிந்திருந்தும் அவை நோயாளிக்கு எட்டாததன் காரணம், வைத்தியசாலையில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை என்பதாகும். நடக்க முடிகிறதா, உட்கார முடிகிறதா, கால் மரத்துப்போகிறதா என்றெல்லாம் கேட்கப்படுகிறது. மனம் எப்படி இருக்கிறது, கணவன் மனைவி சேர்ந்து வாழ முடிகிறதா என்று கேட்கப்படுவதில்லை. அரசு ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவில் வைத்தியர் முன்னால் நிற்கும் வரிசையைக் கண்டவர்கள் அவரைக் குறை சொல்லத் துணிய மாட்டார்கள். ஒரு நோயாளிக்கு அவரால் கொடுக்க முடிவது சில நிமிஷங்களே. தனியார் ஆஸ்பத்திரியில் நேரம் இருந்தாலும் சங்கோசம் தடுக்கிறது. நோயாளியோ, பெரிய டாக்டரிடம் போய் இதைக் கேட்பதா என்று கூசுகிறார். இருவரும் கூசி நிற்கும் அந்த இடைவெளியில் புகுந்துகொள்பவர்கள் லாட்ஜ் வைத்தியர்கள். மாதத்துக்கு இன்ன தேதியில் சேலத்தில், இன்ன தேதியில் மதுரையில் இன்ன லாட்ஜில் முகாம் என்று விளம்பரம் செய்து, ஆண்மைக்குறைவுக்கு லேகியமும் சூரணமும் விற்று, முதுகு வலியால் வந்த தாம்பத்தியக் குறையை நரம்புத் தளர்ச்சி என்று பெயர் சூட்டி, கூலிக்காரரின் பல மாதச் சம்பாத்தியத்தைக் கறந்துகொண்டு போகிறார்கள். இத்தகைய விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்திருக்கிறது. அது சுவர்களிலும் தொலைக்காட்சியிலும் பட்டப்பகலில் மீறப்படுவதைத் தடுக்க வேண்டியது அதிகாரிகளின் பொறுப்பு. ஆனால் உரிய இடத்தில் உரிய கேள்வி கேட்கப்பட்டிருந்தால், அந்த லாட்ஜ் படிகளில் ஏற அத்தனை பேருக்கு அவசியமே நேர்ந்திராது.

ஆகவே என் கோரிக்கை இது: மூன்று மாதத்துக்கு மேல் முதுகு வலியோடு வருகிற ஒவ்வொருவருடைய சீட்டிலும் மேலும் இரண்டு கேள்விகள் சேர்க்கப்பட வேண்டும். ஒன்று, மனச்சோர்வைப் பற்றியது. மற்றொன்று, இந்த வலியால் தாம்பத்திய வாழ்க்கையில் சிரமம் உண்டா என்பது. அவற்றை எலும்பு முறிவு மருத்துவரே கேட்க வேண்டும் என்பதில்லை. பிசியோதெரபி சிகிச்சை கொடுப்பவர் கேட்கலாம், செவிலியர் கேட்கலாம். பிசியோதெரபிஸ்ட்டுக்குத்தான் நோயாளியோடு அரைமணி நேரம் தனித்து இருக்கும் சௌகரியம் உண்டு. பயிற்சி கொடுத்துக்கொண்டே இயல்பாகக் கேட்கவும் அவரால் முடியும். பெண்ணிடம் பெண்ணே, மாமியாரையும் கணவனையும் சற்று வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். சிரமம் உண்டு என்று சொல்கிறவரை, அவர் சம்மதித்தால், துணைவரோடு ஒரு முறையாவது சேர்த்து உட்காரவைத்து, முதுகு முறிந்துவிடாது என்ற தைரியத்தையும் மேலே கூறிய விஷயங்களையும் எடுத்துச் சொல்ல வேண்டும். மனம் மிகவும் தளர்ந்திருப்பவருக்கு மாவட்ட மனநலப் பிரிவும், இரவு பகலாக இயங்கும் 14416 என்ற டெலி மனாஸ் தொலைபேசி எண்ணும் இருப்பதை அச்சிட்டே கையில் கொடுக்கலாம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், வீட்டுக்கே சென்று பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஊழியர்களுக்கு இந்தக் கேள்விகளைக் கூச்சமின்றியும் கொச்சையின்றியும் கேட்பதற்கான பயிற்சியை அளித்தால் போதும். புதிய இயந்திரமோ புதிய கட்டிடமோ தேவையில்லை. மருத்துவக் கல்லூரிகளில் வலி நிவாரணப் பிரிவு உள்ள இடங்களிலேயே இந்தப் பயிற்சியை முதலில் தொடங்கி, அங்கிருந்து வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோகலாம்.